ஒளியிணைப்பியும் அதன் உபயோகமும்

மின்சுற்றுகளை அமைப்போர்க்கு இருவகைத் தேவைகள் அடிக்கடி ஒருங்கே நேர்வதுண்டு. ஒரு சுற்றில் நிகழ்வதை மற்றொரு சுற்று அறிதல் வேண்டும். ஆயினும் முதற் சுற்றின் மின்சாரம் இரண்டாவது சுற்றினுள் அணுவளவும் புகுதலாகாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். செய்தி செல்லக் கம்பி வேண்டும், கம்பி உண்டாயின் அதன்வழி மின்னும் செல்லும் என்பதே எவரும் முதலில் எண்ணுவது. இம்முரணைத் தீர்க்க இக்காலத்தில் வழங்கும் எளிய கருவியொன்றைப் பற்றி எழுத எண்ணினேன். ஒப்ரோகப்ளர் என வழங்கும் அதனைத் தமிழில் ஒளியிணைப்பி என்போம். புளியங்கொட்டையிலும் சிறியது, நான்கு கால்களை உடையது, விலையோ மிகச் சொற்பம். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவிகள் பலவற்றினுள்ளே இஃது இருப்பதால், இதன் பெயரை அறியாதாரும் நாடோறும் இதனைக் கையிற் பிடித்தே வருகின்றனர்.

எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சியில் மாணவர் செய்தவற்றைப் பார்வையிடும்படி என்னை அழைத்திருந்தனர். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், வீட்டில் மின்சாரம் நிற்கும் வேளைகளையும் மீளும் வேளைகளையும் கணினியிற் பதிவு செய்யும் பெட்டியொன்றைச் செய்து வைத்திருந்தார். 230 வோல்ற் வீட்டு மின்னைத் தடைகள் வழியாக ஒளியிணைப்பியின் ஒரு பக்கத்துக்கு ஊட்டி, மறுபக்கத்திலிருந்து 5 வோல்ற் சமிக்ஞையைப் பெற்று, யூ.எஸ்.பி. கம்பி வழியே மடிக்கணினிக்கு அனுப்பியிருந்தார். வேலைப்பாடு துப்புரவானது, விளக்கமும் நன்று. எனினும் பழக்கத்தின் காரணமாக என் சட்டைப் பையிலிருந்த நியோன் ரெஸ்ரரை அந்த யூ.எஸ்.பி. முனையின் உலோக உறையில் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. சிறிது நேரத்துக்கு முன் அதே கம்பியைக் கையாற் பிடித்துத்தான் அம்மாணவர் எனக்கு விளக்கம் கூறியிருந்தார்!

ஆளியை நிறுத்துவித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒளியிணைப்பியின் இரு பக்கத்துப் பூச்சியக் கம்பிகளும் ஒரு சிறு கம்பித்துண்டினால் இணைக்கப்பட்டிருந்தன. "தம்பி, இதை ஏன் இணைத்தாய்?" என்றேன். "இணைக்காவிட்டால் வேலை செய்யவில்லை, சேர். படத்திலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே புவிக்குறிதான் போட்டிருக்கிறது" என்றார். அன்று கண்காட்சி மண்டபத்தில் இழுத்திருந்த நீட்டிப்புக் கம்பியில் உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் இடம் மாறியிருந்தமையால் அவர் பூச்சியம் என எண்ணிய கம்பி 230 வோல்றில் நின்றது. காலிற் செருப்பும் கீழே மரப்பலகையும் இருந்தன. வேறு காரணம் எதுவும் அவரைக் காக்கவில்லை.

அவர் பெட்டியில் ஒளியிணைப்பி இருந்தது, தனிமைப்பாடு இருக்கவில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

மின் கலவாது செய்தி மட்டும் கடத்தும் எண்ணம் புதிதன்று. 1835ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி அமைத்த றிலே இதனையே செய்தது. ஒரு சுற்றின் மின்னோட்டம் மின்காந்தமொன்றை இயக்க, அக்காந்தம் இழுத்த இரும்புத் தகடு வேறொரு சுற்றை மூடிற்று. தந்தி இதன் துணையாலேயே நெடுந்தூரம் சென்றது. றிலே இன்றும் அழிந்துவிடவில்லை. ஆயினும் அதன் தகடு அசைய மில்லிசெக்கன் கணக்கிற் காலம் வேண்டும், தொடுமுனைகள் தேயும், மூடும்போது பலமுறை துள்ளும், சுருளுக்கு ஊட்டும் மின்னோட்டமும் அதிகம். காந்தத்தின் வேலையை ஒளிக்குக் கொடுத்தால் இக்குறைகள் நீங்கும்.

அதற்கு வேண்டிய இரு பொருள்களும் வெவ்வேறு காலத்திற் பிறந்தவை. ஒளிபட்டால் மின்னைக் கடத்தும் ஒளித் திரான்சிற்றரைப் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் ஷைவ் 1948இல் உருவாக்கினார். 1950இல் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. மின்னோட்டம் பாயும்போது கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிரை வீசும் கலியம் ஆசெனைட்டு இருவாயியின் ஆற்றலை 1961இல் ரெக்சஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பியார்ட், பிற்மன் என்னும் இருவர் கண்டனர். ஒளியை வீசுவதும் ஒளியை உணர்வதும் கிடைத்தபின், இரண்டையும் ஓருறையினுள் எதிரெதிரே வைக்க நெடுங்காலம் வேண்டியிருக்கவில்லை.

அவ்வுறையின் உள்ளமைப்பைக் காண்போம். ஒருபுறத்தில் ஒளி காலும் இருவாயி. மறுபுறத்திற் சிலிக்கன் ஒளித் திரான்சிற்றர். நடுவே ஒளியை விடுத்து மின்னை மறிக்கும் தெளிந்த காவற் பொருள். புறவொளி புகாதவாறு யாவும் கரிய பிசினுள் மூடப்பட்டிருக்கும். இருவாயியில் மின்னோட்டம் பாய்ந்தால் கதிர் எழும். அக்கதிர் திரான்சிற்றரின் அடிக்கும் சேகரிப்பானுக்கும் இடையிலுள்ள சந்தியில் விழுந்து சிறு மின்னோட்டமொன்றைப் பிறப்பிக்கும். சாதாரண திரான்சிற்றரில் அடியின் கால்வழி நாம் ஊட்டும் மின்னோட்டத்தின் இடத்தை இங்கே ஒளி பிறப்பித்த மின்னோட்டம் வகிக்கின்றது. திரான்சிற்றர் அதனைப் பன்மடங்காக்க, சேகரிப்பானிலிருந்து காலிக்கு மின்னோட்டம் செல்லும். இருவாயி அணைந்தால் திரான்சிற்றரும் மூடிக்கொள்ளும். ஆகவே இஃது ஓர் ஆளி; அதனை அழுத்தும் விரல் ஒளி.

இதனை உபயோகிக்கும் முறையை உதாரணமொன்றாற் காட்டுகின்றேன். எங்கள் வளவிற் கிணற்றடியில் மோட்டரும் பம்பியும், வீட்டின் பின்புறத்திலே உயர்ந்த தூணில் நீர்த்தாங்கியும் உள்ளன. தாங்கியினுள் மிதவையாளி ஒன்று உண்டு. அதிலிருந்து ஏறக்குறைய 30 மீற்றர் கம்பி வெளியே ஓடி, மோட்டரைக் கட்டுப்படுத்தும் சிறு நுண்கணினியை வந்தடைகின்றது. முதலில் அக்கம்பியை நேரே நுண்கணினியின் காலிலேயே பூட்டினேன். நம் நாட்டில் இடைப்பருவக் காலங்களாகிய பங்குனி சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் அதிகம் என்பதை அறியாதவனல்லேன். அறிந்தும் அசட்டை செய்தேன். ஓர் ஐப்பசி மாலையில் எங்கோ தொலைவில் விழுந்த மின்னல், அந்நீண்ட கம்பியில் ஒரு கண அழுத்தத்தைத் தூண்டிவிட, மறுநாட் காலையில் நுண்கணினி உயிரற்றுக் கிடந்தது. மாற்றி வைத்தேன். சித்திரையில் அதுவும் போயிற்று. அதன் பின்னரே ஒளியிணைப்பியை இடையில் வைத்தேன்.

தாங்கியின் பக்கத்துக்கு 12 வோல்ற் மின்வழங்கி ஒன்று தனியே உண்டு. அதன் நேர் முனையிலிருந்து மிதவையாளி, பின் ஒரு தடை, பின் இருவாயி, பின் மறை முனை என ஒரே தொடராக அச்சுற்று அமைகின்றது. இருவாயியில் ஏறக்குறைய 1.2 வோல்ற் நிற்கும். எஞ்சிய 10.8 வோல்ற் தடையிற் கழிய வேண்டும். 5 மில்லியம்பியர் பாயவிட வேண்டுமாயின் 2160 ஓம் வருகின்றது. கடையிற் கிடைக்கும் 2.2 கிலோ ஓம் தடையே போதும். தடையின்றி இருவாயியை நேரே பூட்டுவோர் அதனை ஒருமுறை மட்டுமே ஒளிரக் காண்பர். மறுபக்கத்தில் நுண்கணினியின் 5 வோல்றிலிருந்து 10 கிலோ ஓம் தடையொன்று சேகரிப்பானுக்கு வருகின்றது. அச்சந்தியே நுண்கணினியின் உள்ளீட்டுக் காலுக்கும் செல்லும். காலி நுண்கணினியின் பூச்சியக் கம்பியிற் சேரும். இருவாயி ஒளிராதபோது தடையானது உள்ளீட்டை 5 வோல்றுக்கு உயர்த்தி வைத்திருக்கும். ஒளிரும்போது திரான்சிற்றர் அதனைப் பூச்சியத்தின் அருகே இழுத்துவிடும். அதாவது அங்கே 'உண்டு' என்பது இங்கே 'இல்லை' என்று வந்து சேரும். நுண்கணினிக்கு எழுதும் கட்டளையில் இத்தலைகீழ் மாற்றத்தை மறவாதிருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு தீர்மானம் அவசியமாகின்றது. தாங்கி நிறைந்தபோது மிதவையாளி மூட வேண்டுமா, திறக்க வேண்டுமா? திறக்கும்படியே வைத்தேன். தாங்கி நிறையாதவரை மின்னோட்டம் பாயும்; இருவாயி ஒளிரும்; மோட்டர் இயங்கலாம். கம்பியை அணில் கடித்தாலும், தாங்கிப் பக்கத்து மின்வழங்கி பழுதுபட்டாலும், இருவாயியே எரிந்து போனாலும் ஒளி நின்றுவிடும், மோட்டரும் நின்றுவிடும். மாறாக வைத்திருந்தால், கம்பி அறுந்த அன்று தாங்கி வழிந்தோடிக் கிணறு வற்றும் மட்டும் மோட்டர் ஓடியிருக்கும்.

இனி, மாணவர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடத்துக்கு வருகின்றேன். இருவாயியிற் செலுத்தும் மின்னோட்டத்துக்கும் திரான்சிற்றரிற் பெறும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தை மின்னோட்ட மாற்றுவிகிதம் என்பர். சாதாரண திரான்சிற்றரின் பெருக்கத்தைப் போல இதுவும் துண்டுக்குத் துண்டு வேறுபடும். ஆனால் இங்கே வேறுபாடு மிக விரிந்தது. எங்கும் கிடைக்கும் பி.சி. 817 என்னும் ஒளியிணைப்பிக்கு, இருவாயியில் 5 மில்லியம்பியர் பாயும்போது இவ்விகிதம் 50 நூற்றுவீதம் முதல் 600 நூற்றுவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம் என உற்பத்தியாளரின் ஏடே கூறுகின்றது. பன்னிரண்டு மடங்கு வேறுபாடு! எழுத்தால் வகுத்த தரங்களும் உண்டு. 'ஏ' என்றால் 80 முதல் 160 வரை, 'சி' என்றால் 200 முதல் 400 வரை. கையிலுள்ள ஒரு துண்டை அளந்து, அது 300 காட்டியதென மகிழ்ந்து, அதற்கேற்பத் தடைகளைத் தெரிவோர், அடுத்த துண்டை மாற்றியதும் சுற்று இயங்கவில்லையே எனத் திகைப்பர். கணிப்பை ஏட்டிலுள்ள மிகக் குறைந்த எண்ணிலேயே தொடங்குதல் வேண்டும்.

அவ்வெண்ணும் புதிய கருவிக்கே உரியது. ஒளி காலும் இருவாயி ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். மின்னோட்டமும் வெப்பமும் கூடினால் இன்னும் விரைவில் மங்கும். அன்றியும் மேற்படி விகிதம் திரான்சிற்றரில் 5 வோல்ற் நிற்கும்போது அளந்தது. ஆளியாக முற்றத் திறந்து ஒரு வோல்றினும் கீழே நிற்கும்போது அத்துணை கிடையாது. என் சுற்றிற் பார்ப்போம். 10 கிலோ ஓம் தடையில் 5 வோல்ற் முழுவதும் கழிந்தாலும் வேண்டுவது அரை மில்லியம்பியரே. இருவாயியில் 5 மில்லியம்பியர், விகிதம் 50 நூற்றுவீதம் எனக் கொண்டால் 2.5 மில்லியம்பியர் கிடைக்கும். முதுமைக்கென அதிற் பாதியைக் கழித்தாலும் 1.25 எஞ்சும், அது தேவையின் இருமடங்குக்கு மேல். இத்தகைய சேமிப்பு இருந்தால் பெட்டியை மறந்துவிடலாம். எனினும் சேமிப்பை மிகுவிக்க விரும்பி 10 கிலோ ஓமுக்குப் பதிலாகப் பத்து இலட்சம் ஓம் வைப்பதும் தவறே. ஒளித் திரான்சிற்றரில் இருட்டிலும் சிறு ஒழுக்கு மின்னோட்டம் உண்டு. வெயிலிற் பெட்டி சூடேற அதுவும் பெருகும். தடை அளவுக்கு மீறினால் அவ்வொழுக்கே உள்ளீட்டைக் கீழே இழுத்துவிடும்.

தடையைப் பெருக்குவதில் மற்றொரு தீங்கும் உண்டு; அது வேகத்தைப் பற்றியது. பி.சி. 817 விரைவாக எழுந்து விழும் காலம் 4, 3 மைக்கிரோசெக்கன் என ஏட்டிற் காண்போம். ஆனால் அது 100 ஓம் சுமையில் அளந்தது. சுமைத்தடை கிலோ ஓம் கணக்கிற்கு உயர்ந்தால் அக்காலம் பல மைக்கிரோசெக்கன்களாக நீளும். அதிலும் மூடும் காலமே அதிகம் நீளும். ஒளியைப் பெறுதற்காகத் திரான்சிற்றரின் சந்தி அகலமாக அமைக்கப்பட்டுள்ளது. அகன்ற சந்திக்குக் கொள்ளளவமும் மிகுதி. ஒளி நின்றபின் அடியிலே தங்கிய ஏற்றம் வெளியேறத் தனியே கால் இல்லாமையால், அது மெல்ல மெல்லவே கரையும். 4 என் 25 போன்ற ஆறுகால் ஒளியிணைப்பிகளில் அடிக்கும் ஒரு கால் உண்டு. அதிலிருந்து காலிக்கு ஒரு தடையைப் பூட்டினால் ஏற்றம் விரைந்து வெளியேறும். உணர்ச்சி சற்றுக் குறையும்.

நீர்த்தாங்கி நிறைவதற்கு மைக்கிரோசெக்கன் கணக்கு வேண்டியதில்லை. இடி மின்னலின் கணநேரத் துடிப்புகளை மந்தமான கருவி அசட்டை செய்யுமாதலால், இங்கே மந்தம் நன்மையே. செய்தி விரைந்து செல்லுமிடத்து நிலைமை வேறு. 1983இல் வந்த மிடி என்னும் இசைக்கருவி இணைப்பு நியமத்தில், செய்தி பெறும் ஒவ்வொரு கருவியும் ஒளியிணைப்பி வழியாகவே அதனைப் பெற வேண்டும் என விதித்துள்ளனர். கருவிகளின் பூச்சியக் கம்பிகள் ஒன்றோடொன்று பிணைந்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் எழும் என்பதே காரணம். அங்கே செக்கனுக்கு 31,250 துடிப்பிடங்கள். ஒன்றுக்கு 32 மைக்கிரோசெக்கன். நம் நான்குகாற் கருவி அவ்விடத்துத் தடுமாறும். ஒளியிருவாயியையும் பெருக்கியையும் தனித்தனியே கொண்ட விரைவான வகைகளையே அங்கு வைப்பர். 6 என் 137 என்பது செக்கனுக்கு ஒரு கோடி துடிப்பிடங்கள் வரை தாங்கும்.

நுண்கணினியிலிருந்து மோட்டரை இயக்கும் எதிர்த்திசைக்கும் இதே முறைதான். ஆனால் திரான்சிற்றர் தாங்குவது சில பத்து மில்லியம்பியரே. மோட்டரின் பெயரைக்கூட அதனிடம் சொல்லலாகாது. அது வேறொரு திரான்சிற்றரைத் திறக்க, அது றிலேயின் சுருளை இயக்க, றிலே கொன்ரக்ரரை இழுக்க, கொன்ரக்ரரே மோட்டரைத் தொடங்கும். இதற்கென ஒளியிணைப்பியும் றிலேயும் ஒன்றாகப் பூட்டிய ஆயத்தப் பலகைகள் மலிவாக விற்கப்படுகின்றன. அவற்றிற் பலவற்றில் இரு மின்வழங்கல் முனைகளை இணைக்கும் சிறு செருகி ஒன்று உண்டு. அச்செருகி இருக்கும்போது றிலேச் சுருளும் நுண்கணினியும் ஒரே மின்வழங்கியிற் சேர்ந்துவிடுகின்றன. நடுவே ஒளியிணைப்பி வீற்றிருந்தும் பயனில்லை. செருகியைக் கழற்றி, றிலேக்குத் தனி மின்வழங்கியைப் பூட்டி, பூச்சியக் கம்பிகளையும் பிரித்து வைத்தாலன்றி அங்கே ஒளி செய்யும் தொண்டு ஏதுமில்லை. வாங்குவோர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைக் கழற்றுவதில்லை என்பது என் அநுமானம்.

பலகையில் கம்பித்தடம் வரைவதிலும் இதே கவனம் வேண்டும். ஒளியிணைப்பியின் இருவரிசைக் கால்களுக்கிடையே 7.62 மில்லிமீற்றர் தூரம் உண்டு. அதன் வயிற்றுக்குக் கீழே இடம் வெறுமையாய்க் கிடக்கின்றதே என்று ஒரு தடத்தை அவ்வழியே இழுத்தால், உற்பத்தியாளர் அரும்பாடுபட்டு அமைத்த இடைவெளியை நாமே பாதியாக்கினவராவோம். அவ்விடத்திற் பலகையையே அறுத்துத் துவாரமிடுவோரும் உளர். தூசியும் ஈரமும் படிந்து வழியமைக்காதிருக்க அது நல்ல உபாயம். 5000 வோல்ற் தாங்கும் என ஏட்டில் எழுதியிருப்பதும் ஒரு நிமிட நேரச் சோதனைக்குரிய எண்; ஆண்டுக்கணக்கில் அவ்வழுத்தத்தில் நிறுத்தலாம் என்பது அதன் கருத்தன்று. நேரே விழும் மின்னலுக்கு முன் இஃது ஒன்றுமன்று. தொலைவில் விழும் மின்னலுக்கும் இருவாயியே முதற்பலி. எதிர்த்திசையில் 6 வோல்றுக்கு மேல் அது தாங்காது. ஆதலால் அதன் குறுக்கே எதிர்முகமாகச் சாதாரண இருவாயி ஒன்றைப் பூட்டி வைத்தேன். அதன் பின்பும் ஒரு சித்திரையில் என் ஒளியிணைப்பி இறந்தது. நுண்கணினி பிழைத்தது. தாங்குகுழியிற் செருகியிருந்தமையால் பழையதைப் பிடுங்கிப் புதியதை வைக்க ஐந்து நிமிடம் சென்றது.

கண்காட்சி மாணவரின் பெட்டிக்கு மீள்வோம். அவர் பார்த்த படத்தில் இரு பக்கத்துக்கும் ஒரே புவிக்குறி இடப்பட்டிருந்தது உண்மையே. அதனை நம்பித் திரான்சிற்றரின் காலியை வீட்டு மின் பக்கத்துப் பூச்சியத்திற் சேர்த்திருந்தார். அதனால் நுண்கணினிக்குத் திரும்பிச் செல்லும் வழி அறுந்து, சுற்று இயங்கவில்லை. வழியைத் தேடியவர் இரு பூச்சியங்களையும் ஒரு கம்பித்துண்டினாற் பிணைத்தார்; உடனே இயங்கிற்று. இயங்கியதால் சரியென்றும் எண்ணினார். படம் வரைவோர் இரு பக்கத்துக்கும் இரு வேறு குறிகளை இட்டிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

அன்று மாலை கண்காட்சி முடிந்தபின் அவரும் அவருடைய ஆசிரியரும் நானும் மேசையின் முன் அமர்ந்தோம். பெட்டியைச் சுவரிலிருந்தும் கணினியிலிருந்தும் முற்றாகக் கழற்றினோம். கம்பித்துண்டை வெட்டினோம். காலியின் கம்பியைப் பற்றவைத்த இடத்திலிருந்து பெயர்த்து நுண்கணினியின் பூச்சியத்திற் சேர்த்தார் அவர். பின் ஓம்மானியை மிக உயர்ந்த அளவிற் றிருப்பி, ஒரு முனையை இருவாயியின் இரு கால்களிலும், மறுமுனையைத் திரான்சிற்றரின் இரு கால்களிலும் மாறிமாறி வைக்கச் சொன்னேன். நான்கு தொடுதல்கள். நான்கிலும் மானி எதனையும் காட்டவில்லை. "இனிப் பூட்டலாமா, சேர்?" என்றார். முதலில் அந்த நீட்டிப்புக் கம்பியை மாற்றச் சொன்னேன். மாற்றிப் பூட்டியபின் கணினித் திரையிற் பதிவு ஓடிற்று; ரெஸ்ரரை அவரே உறையில் வைத்துப் பார்த்தார்; விளக்கு எரியவில்லை.